தோட்டத்து சாளைல கொசு விரட்டுறேன்னு பண்ணக்கூடாத தப்புங்க

பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் டவுன்ல இருந்து வந்து தென்னந்தோப்புக்குள்ள சாளை, அதான் தோட்டத்து வீடு, கட்டுறவங்க இப்ப நெறைய. மொத மழைக்கே கொசு தாங்காம, நாங்கல்லாம் ஒரு காலத்துல பண்ணுன அதே வேலையத்தான் அவங்களும் பண்றாங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல. சாயங்காலம் கதவ சாத்துங்க, ஜன்னலுக்கு வலை அடிங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுருவோம்.

குட்டைல கம்பூசியா மீன் விடுறது

இத நெனச்சா இன்னைக்கும் எரிச்சல் வருது. கம்பூசியா அமெரிக்க மீன், கொசுவ ஒழிக்கன்னு 1928ல இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க. கொசுப்புழு திங்கும், உண்மைதான், ஆனா அதோட நிக்காம தலைப்பிரட்டை, மத்த மீனோட முட்டை, குஞ்சுன்னு வாய்க்கு சிக்குனதெல்லாம் திங்கும், முட்டை போடாம நேரா குட்டி போடற மீனுங்கறதால சரசரன்னு பெருகிரும். பக்கத்து தோட்டத்துக்காரர் ஒரு கவர்ல கொண்டு வந்து பண்ணைக்குட்டைல விட்டாரு, வேண்டாங்கண்ணான்னு சொன்னதுக்கு "மீனுதான தம்பி, மருந்தா அடிக்கறேன்"னாரு. ஐப்பசி மழைக்கு குட்டை வழிஞ்சு மீன் ஓடைக்கு போயிருச்சு. மழை ராத்திரில காது அடைக்கற மாதிரி கேக்குற தவளைச் சத்தம் வருஷா வருஷம் கொறஞ்சுட்டே வந்துச்சு. அப்புறம் மோட்டார் போட்டு குட்டைய எறச்சு, ஜேசிபி விட்டு சேத்த வாரி, காசுதான் போச்சு, அடுத்த மழைக்கு ஓடைல இருந்து திரும்ப ஏறி வந்துருச்சு.

இத்தனைக்கும் அந்தக் குட்டைல கொசு பெருசா இல்லவே இல்லைங்க, தும்பியோட புழுவும் நாட்டு மீனும் இருக்கற தண்ணில கொசுப்புழு அவ்வளவா தப்பிக்காது. சாளைக்கு பின்னாடி டார்ச் அடிச்சு பாத்தா, குமிச்சு வெச்ச தேங்காத்தொட்டி ஒவ்வொண்ணுலயும் மழைத்தண்ணி, அதுல துடிச்சு துடிச்சு நெளியற புழு, கை நிழல் பட்டதும் அத்தனையும் ஒண்ணா அடிக்கு எறங்குது. அதையெல்லாம் கவுத்து வெச்சிருந்தா பைசா செலவில்லை. மீன் விட்டே ஆகணும்னா வாய்க்கால்ல மேலாக்க நீந்துற, உச்சந்தலைல வெள்ளிப் பொட்டு மின்னற குட்டி மீனு இருக்கும் பாருங்க, அதப் புடிச்சு விடுங்க, கொசுப்புழுன்னா விடாது.

தண்ணித்தொட்டில வேஸ்ட் ஆயில் ஊத்துறது

புழு மூச்சு முட்டி சாகும், தவளையும் சாகும், அந்தத் தண்ணி மண்ணுக்குள்ளதான் எறங்கும். காலி பண்ண முடியாத தொட்டிக்கு பிடிஐ வாங்கிப் போடுங்க. 1976ல இஸ்ரேல்ல நெகேவ் பாலைவனத்துல கண்டுபிடிச்ச பாக்டீரியா அது, புழு திங்கறப்ப வயித்துக்குள்ள போய் கொல்லும், மீன், தவளை, தேனீக்கு ஒண்ணும் ஆகாது. கொசுவுக்கு சொந்தக்கார ஈ வகை செலதும் சாகும்ங்கறதால ஓடை, குட்டைக்கு வேண்டாம்.

ஊதா லைட் மெஷின்

லைட்டுக்கு வர்ற பூச்சிய கரண்ட்ல கொல்லற மெஷின், வாங்காதீங்க. அமெரிக்கால டெலவேர்ல எண்ணிப் பாத்து 1996ல எழுதுனாங்க, செத்த 13,789 பூச்சில கடிக்கற வகை வெறும் 31. கொசு நம்ம மூச்சுக்காத்தையும் வேர்வை வாசத்தையும் தேடித்தான் வருது. திண்ணைல ஒரு பெடஸ்டல் ஃபேன் போட்டு காலப் பாத்து திருப்பி வைங்க, அந்தக் காத்துல அதால பறக்க முடியாது.

புகை மெஷின்

பறக்கறது சாகும், தண்ணில இருக்கறது சாகாது, பத்து நாள்ல திரும்ப வரும். மின்மினிப்பூச்சி வராது.

தொட்டிய காலி பண்ணிட்டு தேய்க்காம விடுறது

பகல்ல கடிக்கற வரிக்கொசு தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல முட்டைய ஒட்டி வெக்கும், மாசக்கணக்கா காஞ்சு கெடந்தாலும் தண்ணி பட்டா பொரியும். வாரம் ஒருக்கா தேங்கா நாரு வெச்சு ஓரத்த நல்லா தேய்ங்க.

செப்டிக் டேங்க் காத்துக்குழாய்

தொறந்து கெடந்தா கொசு அது வழியா டேங்குக்குள்ள போய் பெருகி வெளிய வரும். குழாய் வாய்ல வலை கட்டுங்க, இன்னைக்கே.