பண்ணைக் குட்டையில் மீன் பேன்: முட்டையிலிருந்து ஒழிக்கும் முறை

ரோகு, கட்லா, மிர்கால் வளர்க்கும் குட்டையில் மீன்கள் கரையில் உடம்பை உரசினாலும், காரணமில்லாமல் துள்ளினாலும், தீவனத்தைச் சரியாக எடுக்காவிட்டாலும் முதலில் மீன் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். அறிவியல் பெயர் ஆர்குலஸ். பேன் என்று அழைத்தாலும் பூச்சி இனமல்ல, இறால், நண்டு வகையறா.

1. பேன்தானா என்று உறுதி செய்யுங்கள்

வீச்சு வலையில் பத்துப் பதினைந்து மீன் பிடித்து, தண்ணீர் நிரப்பிய வெள்ளை வாளியில் விடுங்கள். மீனைக் கையில் தூக்கும்போதே பேன் நழுவிவிடும். 'ஒன்றுமில்லை' என்று பலர் ஏமாறுவது இதனால்தான். வாளியில் விட்டால், பொட்டு அளவில், கண்ணாடி போன்ற உடலும் இரண்டு கரும்புள்ளிக் கண்களுமாக அது நீந்துவது தெரியும். துடுப்பின் அடியிலும் செவுள் மூடியின் பின்னாலும் சிவந்த புள்ளிகள் இருக்கும்.

நகராமல் நூல்போலத் தொங்கினால் அது நங்கூரப் புழு. முட்டைப் பையைத் தன் உடலிலேயே சுமப்பதால், அடுத்துச் சொல்லும் பொறி அதற்கு உதவாது.

2. முட்டைப் பொறி வையுங்கள்

மருந்தைவிட இதுவே முக்கியம். பெண் பேன் மீனை விட்டு இறங்கி, கல், குச்சி, குழாய் என்று கெட்டியான எதிலும் வரிசையாக முட்டை ஒட்டும். முதலில் குட்டையில் கிடக்கும் தேவையற்ற கட்டை, கல்லை அகற்றுங்கள். அவை இருந்தால் பொறிக்கு வராது. பிறகு மூங்கில் கழிகளையோ பலகைகளையோ கயிற்றில் கட்டி, கல் எடை கொடுத்து, பல இடங்களில் மூழ்க விடுங்கள்.

வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, முட்டைகளைச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். நம் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரித்துவிடும். பொறியை மறந்துவிட்டால் நீங்களே பேனுக்குப் பிரசவ அறை கட்டிக்கொடுத்த கணக்கு.

3. பெர்மாங்கனேட், அளந்து மட்டும்

பொட்டாசியம் பெர்மாங்கனேட் 1,000 லிட்டருக்கு 2 கிராம். ஒரு சென்ட் 40.5 சதுர மீட்டர். 10 சென்ட் குட்டையில் சராசரி ஆழம் 1 மீட்டர் என்றால் 810 கிராம். ஆழத்தை ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

போடுமுன் ஒரு சோதனை: 1 கிராமை 1 லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, அதில் 20 மில்லியை 10 லிட்டர் குட்டை நீரில் ஊற்றுங்கள். கால் மணி நேரத்துக்குள் இளஞ்சிவப்பு பழுப்பானால், நீரில் உள்ள கழிவே மருந்தைத் தின்கிறது. முதலில் நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

வெயில் நாளின் காலையில், முழுதும் கரைத்து, சீராகத் தெளியுங்கள். கரையாத துகள் செவுளைச் சுடும். பாசி சாவதால் ஆக்சிஜன் குறையும். ஏரேட்டரோ பம்போ ஓடட்டும். மேகமூட்ட நாளில் தொடவே வேண்டாம். அன்று தீவனமும் வேண்டாம்.

முட்டை இதற்குச் சாகாது. 10 முதல் 14 நாளில் மறுபடி வலை போட்டுப் பாருங்கள், பேன் இருந்தால் திரும்பப் போடுங்கள்.

பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தோராயமாக ஊற்றுவது மீனையே கொல்லும். பேனைக் கொல்லும் மருந்து அதே குட்டையின் இறாலையும் விடாது. பெர்மாங்கனேட்டுக்கு அடங்காவிட்டால் மீன்வளத் துறையினரைக் கேளுங்கள்.

4. மீண்டும் வராமல்

புதுக் குஞ்சுகளை மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். பையில் வந்த தண்ணீரைக் குட்டையில் கொட்டாதீர்கள். பக்கத்துப் பண்ணையிலிருந்து இரவல் வாங்கிய வலையை நன்றாகக் காயவைத்த பிறகே இறக்குங்கள்.