சூடான உணவிலிருந்து நெகிழியை விலக்குதல்: இதயத்தைக் கருதிச் சில வழிகள்

மியன்மாரின் யாங்கோனில் காலையில் மொகிங்கா (மீன் குழம்பில் நூடுல்ஸ் சேர்த்து உண்ணும் உணவு) பார்சல் வாங்கி வருபவரின் கையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். கொதிக்கும் மீன் குழம்பை மெல்லிய பையில் ஊற்றி ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கொடுக்கிறார்கள். வீடு சேர்வதற்குள் பையின் உட்புறம் ஆவியால் மங்கி, அடிப்பகுதி உள்ளங்கையில் குழைந்துவிடுகிறது. சூடு ஏறினால் நெகிழி கூடுதலாகத் துகள் உதிர்க்கும் என்பதால், மாற்றத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

5 மில்லிமீட்டருக்கும் குறைவான நெகிழித் துகள்களை நுண்நெகிழி என்கிறோம். அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்தில் கலக்கின்றன. நெதர்லாந்தில் 2022-இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட 22 பேரில் 17 பேரின் இரத்தத்தில் நெகிழி இருந்தது. இத்தாலிய மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. கழுத்துத் தமனியில் அடைத்திருந்த கொழுப்புப் படிவை அறுவை மூலம் அகற்றிக்கொண்ட 257 பேரைச் சராசரியாக 34 மாதங்கள் தொடர்ந்து கவனித்ததில், படிவில் நெகிழித் துகள் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நாலரை மடங்கு இருந்தது. அவர்களின் படிவில் அழற்சியின் அறிகுறிகளும் மிகுந்திருந்தன. துகளே காரணம் என்று இது நிறுவிவிடவில்லை. ஆயினும் செலவில்லாத எச்சரிக்கைக்கு இவ்வளவு சான்று போதும் என்பது என் கருத்து.

ஆகவே கடைக்குப் போகும்போது எவர்சில்வர் தூக்கை எடுத்துச் செல்லுங்கள். அடுக்குத் தூக்கு இல்லாத பழைய வீடு நம்மிடையே அரிது. பரணிலிருந்து இறக்கிக் கழுவுவதுதான் வேலை. குழம்பை ஓர் அடுக்கிலும் நூடுல்ஸை மற்றோர் அடுக்கிலும் வாங்கினால் ஊறிக் குழையாது, சுவையும் கெடாது. தவறிப்போய்ப் பையில் வாங்கிவிட்டால், வந்தவுடன் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவில் நெகிழிப் பாத்திரத்தை வைக்கவே வேண்டாம். தேநீருக்கு நெகிழி இழையால் ஆன பைகளைத் தவிர்த்து, இலையையே கண்ணாடிக் குடுவையில் ஊறவிடலாம்.

20 லிட்டர் தண்ணீர்க் கேனை வெயில் படும் வாசலில் நிறுத்தாதீர்கள். குழாய்க் கிணற்று நீர் கடினமாக இருந்து, கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்குமானால் அது ஒருவகையில் நன்மையே: ஐந்து நிமிடம் கொதிக்கும்போது பிரியும் சுண்ணாம்பு, நெகிழித் துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆறவிட்டு, படிவு கலங்காமல் மேல்நீரை வடித்துக் குடிக்கலாம். மென்னீரில் இந்தப் பயன் குறைவு.

வீட்டுத் தூசியிலும் இத்துகள்கள் உண்டாகையால், ஈரத் துணியால் தரையைத் துடைப்பது நல்லது.

இவற்றைச் செய்கிறோம் என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நாப்பியின் (புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது) உப்பும் சுருட்டின் புகையும் இரத்தக் குழாய்க்குச் செய்யும் கேடு ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டது. தூக்கில் வாங்கிய மொகிங்காவிலும் உப்பான மீன்சாற்றை (ஃபிஷ் சாஸ்) அளவோடுதான் ஊற்ற வேண்டும்.