மைஎஸ்கியூஎல் டேபிள் உடைந்துவிட்டதா? பதறாமல் மீட்கலாம்

இணையதளத்தின் தரவை டேபிள்களாக (அட்டவணைகளாக) வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்தான் மைஎஸ்கியூஎல். ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டிருக்கும். காலையில் சைட்டைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். லாகில் (சர்வரில் நடப்பதைப் பதியும் கோப்பு), டேபிள் கிராஷ் ஆகிவிட்டது, ரிப்பேர் செய்யவும் என்ற செய்தி, 145 என்ற எண்ணோடு. (கட்டளைகளை உச்சரிப்பாக எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

முதலில் ரிப்பேரில் கை வைக்காதீர்கள். 'டிஎஃப் ஹைஃபன் ஹெச்' அடித்து டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள். ரிப்பேர் தற்காலிகக் கோப்பு உருவாக்கும். டிஸ்க் நிரம்பியிருந்தால் பாதியில் நின்றுவிடும்.

அடுத்து சர்வரை நிறுத்திவிட்டு, டேட்டா ஃபோல்டரை (லினக்ஸில் பெரும்பாலும் வார், அதற்குள் லிப், அதற்குள் மைஎஸ்கியூஎல்) அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ஒருமுறை அவசரத்தில் இதைத் தவிர்த்தேன். ரிப்பேர் முடிந்தபோது பில் டேபிளில் பாதி வரிசைகளைக் காணோம். திரும்பிப் போகவும் வழியில்லை.

இனி என்ஜின் (டேபிளை டிஸ்க்கில் சேமிக்கும் முறை) எது என்று பாருங்கள். கோப்பின் பெயர் எம்ஒய்டி, எம்ஒய்ஐ என்று முடிந்தால் மைஐசாம். ஐபிடி என்றால் இன்னோடிபி. மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் டீஃபால்ட்.

மைஐசாம் என்றால் வேலை எளிது. எம்ஒய்டியில் தரவு, எம்ஒய்ஐயில் இன்டெக்ஸ். பல நேரம் உடைவது இன்டெக்ஸ்தான். புத்தகத்தின் கடைசியிலுள்ள சொல்லடைவு கிழிந்தாலும் பக்கங்களைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொள்ளலாமே, அதுபோல. சர்வரை ஏற்றி (ஸ்டார்ட் செய்து) 'ரிப்பேர் டேபிள்' என்று டேபிள் பெயரோடு கொடுங்கள். கடைசி வரியில் ஓகே வந்தால் போதும். சர்வர் நின்றிருக்கும்போது என்றால் 'மைஐசாம்செக் ஹைஃபன் ஆர்'. அது சரிப்படாவிட்டால் ஆருக்குப் பதில் ஓ, மெதுவாக ஓடும். சர்வர் ஓடும்போது மைஐசாம்செக்கைத் தொடவே கூடாது.

இன்னோடிபிக்கு ரிப்பேர் டேபிள் பலிக்காது. அது ஏறும்போதே ரீடூ லாகை (செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கோப்பு) படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பெரிய டேட்டாபேஸ் என்றால் பொறுமையாகக் காத்திருங்கள். ஏறவே மறுத்தால் மை.சிஎன்எஃப் என்ற அமைப்புக் கோப்பில் மைஎஸ்கியூஎல்டி பகுதியில் 'இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி' மதிப்பை 1 என்று வையுங்கள். ஏறாவிட்டால் 2, பிறகு 3. 4 முதல் 6 வரை தரவையே நிரந்தரமாகக் கெடுக்கலாம். அங்கே போவதென்றால் நகல் எடுத்த டேட்டாவில் மட்டும். ஏறியதும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையால் டம்ப் (தரவை எழுதி வைத்த கோப்பு) எடுத்து, அந்த வரியை நீக்கி, புதிய காலி டேட்டா ஃபோல்டரில் ஏற்றுங்கள். யாரோ சொன்னார்கள் என்று ரீடூ லாக் கோப்புகளை அழிக்க வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. சர்வர் தொங்கினால் 'கில் ஹைஃபன் 9' (வலுக்கட்டாயமாக உடனே நிறுத்தும் கட்டளை) போடாமல் முறையாக நிறுத்துங்கள். தினமும் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி) டம்ப் ஓடட்டும் (இன்னோடிபிக்கு 'சிங்கிள் ட்ரான்சாக்ஷன்' ஆப்ஷனோடு), கோப்பு வேறு மெஷினுக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை அதை எங்காவது ஏற்றி வரிசைகளை எண்ணிப் பாருங்கள். நான் அப்படித் திறந்த ஒரு பேக்கப்பின் சைஸ் 0 பைட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியவன், கிரான் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருந்தேன்.