சிரிப்பதா, சீறுவதா? சிறு குழந்தையைச் சமாளிக்க ஒரு கையேடு

உரித்த வாழைப்பழத்தை மறுபடியும் தோலுக்குள் வைத்து ஒட்டித் தரச் சொல்லி அழும் இரண்டு வயதுக் குழந்தையை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை, பெற்றவர்களுக்குத் தலைவேதனை, குழந்தைக்கோ உண்மையான துக்கம். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை இந்த மூன்றும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடப்பதால், எங்கே சிரிப்பது, எங்கே சிரிப்பை விழுங்கிக்கொள்வது, எங்கே கண்டிப்பது என்று பெற்றோர் தடுமாறுகிறார்கள். தடுமாற்றம் குறைய ஒரு வழி உண்டு. குழந்தை செய்வது எவ்வளவு கோமாளித்தனமாகத் தெரிந்தாலும் அதற்குள் அதற்கென்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு என்னவென்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கோபம் தானாகவே இறங்கிவிடும், அடுத்து என்ன செய்வது என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

குழந்தையின் கணக்கு

வாழைப்பழ விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். உரிக்கும் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று குழந்தை நினைத்திருக்கலாம். அல்லது முழுதாக இருந்த ஒன்று கண்ணெதிரே வேறொன்றாகிவிட்டது அதற்குப் பொறுக்காமல் போயிருக்கலாம். பிஸ்கட்டை இரண்டாக உடைத்தால் வரும் அழுகையும் இந்த வகைதான். பிஸ்கட்டின் அளவு மாறவில்லையே என்று விளக்குவதில் பயனில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) செய்து காட்டிய ஒரு சோதனை இதற்குக் காரணம் சொல்கிறது. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றில் உள்ள தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றினால், உயரமான டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்று நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் உறுதியாகச் சொல்வார்கள். ஏறத்தாழ ஆறு, ஏழு வயதுக்குப் பிறகே இந்தக் கணக்கு நேராகிறது. ஆகவே, வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் நியாயத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு டம்ளர்களை வாங்கி வைத்துவிடுங்கள். எதையும் உடைக்கும் முன், வெட்டும் முன், உரிக்கும் முன், "முழுசா வேணுமா, உடைச்சுத் தரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திரைச்சீலைக்குள் தலையை மட்டும் மறைத்துக்கொண்டு, வயிறும் கால்களும் வெளியே தெரிய நிற்கும் குழந்தை, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று மனதார நம்புகிறது. தனக்குத் தெரிவது வேறு, பிறருக்குத் தெரிவது வேறு என்ற பிரிவினை அதற்கு இன்னும் முழுதாக ஏற்படவில்லை. ஹைன்ஸ் விம்மர், யோசெப் பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் குழந்தைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்ததும் அவன் எங்கே தேடுவான் என்பது கேள்வி. மூன்று வயதுக் குழந்தைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று தாத்தா கேட்க, குழந்தை பதில் சொல்லாமல் பலமாகத் தலையாட்டுவதும் இதனால்தான். "வாயால சொல்லு, தாத்தாவுக்குத் தெரியாது" என்று பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தால் போதும். இந்த இடங்களில் தாராளமாகச் சிரிக்கலாம். கண்ணாமூச்சி விளையாட்டில், வெளியே தெரியும் கால்களுக்கு முன்னால் நின்று "எங்கே போயிட்டான் இவன்?" என்று சத்தமாகக் கேட்டபடி நேரம் கடத்துவது ஒரு பெற்றோரின் கடமைகளில் சேர்ந்தது.

தரையில் புரளும்போது

அடம் பிடித்து அழுது புரளும் பழக்கம் ஒன்றரை வயதளவில் தொடங்கி, இரண்டு, மூன்று வயதில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நான்கு வயதுக்குப் பிறகு குறைகிறது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதுக்கு மேல் ஆகும் என்பதால், இரண்டு வயதில் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது பொருந்தாது. மைக்கேல் பொடெகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்த அழுகையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தது. பெரும்பாலான அழுகைகள் ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன என்பது அதில் தெரிந்த ஒரு செய்தி. அனுபவிக்கும் பெற்றோருக்கு அது ஒரு யுகமாகத் தோன்றும் என்பது வேறு கதை. அதைவிடப் பயனுள்ள செய்தி, கோபமும் துக்கமும் அதில் தனித்தனியாக ஓடுகின்றன என்பது. கத்துவது, உதைப்பது, பொருளை எறிவது ஆகியவை தொடக்கத்திலேயே உயர்ந்து, பின்னர் சரிகின்றன. விம்மலும் ஆறுதல் தேடுவதும் கோபம் தணிந்த பின் மேலோங்குகின்றன.

இதை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். கிறீச்சிடும் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வரை விளக்கம், கேள்வி, பேரம், மிரட்டல் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் நெருப்பில் நெய்யாகவே போய் விழும். இடிபடக்கூடிய பொருள்களை நகர்த்திவிட்டு, எட்டும் தூரத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். குரல் தணிந்து, மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்து, குழந்தை ஓரக்கண்ணால் உங்களைப் பார்க்கும் அந்தக் கணத்தில் கையை நீட்டுங்கள், வந்துவிடும். முன்பே தூக்க முயன்றிருந்தால் உங்கள் மூக்குக் கண்ணாடிதான் பறந்திருக்கும். அழுகைக்குக் காரணமான பொருளை மட்டும், கேட்ட குரலுக்கு அஞ்சிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கக்கூடிய பொருள் என்றால் அழுகை தொடங்கும் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

கடையிலோ பேருந்திலோ இது நடந்தால், குழந்தையை விடச் சுற்றியிருப்பவர்களின் பார்வைதான் பெற்றோரை நிலைகுலைய வைக்கிறது. யாராவது ஒருவர் ஆலோசனை சொல்ல வருவார். அவருடைய குழந்தைகள் மட்டும் பிறந்த நாள் முதல் ஒழுங்காக இருந்திருப்பார்கள். அவருக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு, பாதி நிரம்பிய கூடையை அங்கேயே விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவது சிறந்தது.

வராமல் தடுக்கவும் சில வழிகள் உண்டு. பசியும் தூக்கமும் உள்ள வேளையில் வெளியே அழைத்துப் போகாதிருப்பது எல்லாவற்றையும் விட முக்கியம். விளையாட்டை நிறுத்த வேண்டுமானால் "இன்னும் ஐந்து நிமிடம்" என்று சொல்வதில் பொருளில்லை, மூன்று வயதுக்கு ஐந்து நிமிடமும் ஐந்து மணி நேரமும் ஒன்றுதான். "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்றால் அதனால் எண்ண முடியும். "குளிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதிலுக்கு நீங்களே இடம் கொடுத்துவிட்டீர்கள். குளித்தே ஆக வேண்டும் என்றால் அதைக் கேள்வியாக்காமல், "வாத்து பொம்மையை எடுத்துட்டுக் குளிக்கப் போறியா, படகை எடுத்துட்டுப் போறியா?" என்று குழந்தை முடிவு செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். இரண்டுக்கு மேல் வாய்ப்புக் கொடுத்தால் மூன்றாவது பிரச்சினை தொடங்கும்.

சிரிப்பை விழுங்க வேண்டிய இடங்கள்

எங்கோ கேட்ட ஒரு கெட்ட வார்த்தையை, மிகச் சரியான இடத்தில், மிகச் சரியான தொனியில் மூன்று வயதுக் குழந்தை சொல்லும்போது சிரிக்காமல் இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சிரித்துவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பரிசு கொடுத்தாகிவிட்டது. அடுத்த முறை விருந்தினர் நிறைந்த கூடத்தில் அது அரங்கேறும். பதறிப் போய்க் கத்துவதும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தரும், ஏனெனில் பெரியவர்களை இப்படித் துள்ள வைக்கும் சொல் குழந்தைக்குக் கிடைத்த புதையல். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தால் கீழே குனிந்து எதையாவது தேடுங்கள், அலமாரியைத் திறந்து முகத்தை உள்ளே விடுங்கள், வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். முகம் சரியானதும் "அந்த வார்த்தை நமக்கு வேண்டாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். அப்பா சிரிக்கிறார், அம்மா திட்டுகிறார், அல்லது நேற்றுச் சிரித்தவர் இன்று அடிக்க வருகிறார் என்ற நிலைதான் மிக மோசமானது. எது நடக்கும் என்று பார்ப்பதற்காகவே குழந்தை அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும்.

உதட்டைச் சுற்றிச் சாக்லேட் அப்பியிருக்க, "நான் சாப்பிடலை" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லும் பொய்யும் இந்த வரிசையில் வருகிறது. மைக்கேல் லூயிசும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பெரும்பாலான குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் ஒரு பகுதியினர்தான் ஒப்புக்கொண்டார்கள். பிறருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதை உணரத் தொடங்கிய மூளைதான் பொய் சொல்லும் என்பதால், திரைச்சீலைக்குள் தலையை மறைத்த அதே குழந்தை ஒரு படி ஏறியிருக்கிறது என்று இதைக் கொள்ளலாம். வளர்ச்சிதானே என்று பாராட்டிவிட வேண்டாம். விடை தெரிந்த கேள்வியைக் கேட்காமல் இருந்தாலே பாதிப் பொய் குறையும். "சாப்பிட்டாயா?" என்று விசாரணை நடத்துவதற்குப் பதில், "சாக்லேட் சாப்பிட்டிருக்கே, வா, வாய் கழுவலாம், இனிமே கேட்டுட்டு எடுக்கணும்" என்று சொல்லி முடியுங்கள்.

வீடு திடீரென்று அமைதியானால் மட்டும் சிரிப்பு, சினம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு எழுந்து ஓடுங்கள். பெரும்பாலும் சுவரில் ஓவியமோ, தரையில் கொட்டிய பவுடரோதான் காத்திருக்கும். ஆனால், பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் உள்ள பொத்தான் பேட்டரியை விழுங்கிய குழந்தைக்கு உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்துபோகக்கூடும். அந்தச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாளியில் சில அங்குலம் நிற்கும் தண்ணீரும், சுவரோடு பிணைக்கப்படாத அலமாரியும் இதே அளவு ஆபத்தானவை.

சாப்பாடும் தூக்கமும் கேள்விகளும்

முதல் பிறந்த நாளுக்குப் பிறகு வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இரண்டு வயதுக்கு மேல் புதிய உணவைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் இயல்பு. ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த வேலைப் பிரிவினை எனக்குச் சரியென்று படுகிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு, உண்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேலும் தட்டில் வைக்க வேண்டியிருக்கும் என்பதால், இரண்டாம் முறையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. குழந்தைகள் இதைப் படித்ததில்லை. விளக்கை அணைத்ததும் தண்ணீர், கழிப்பறை, இன்னொரு முத்தம், காணாமல் போன பொம்மை என்று மனுக்கள் வரிசையாக வரும். ஓர் அட்டையில் படம் வரைந்து, "இதைக் கொடுத்தால் ஒரே ஒரு தடவை எழுந்து வரலாம், பிறகு அட்டை எனக்கு" என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேல் இது பெரும்பாலும் வேலை செய்கிறது. அட்டையைச் செலவு செய்ய மனமில்லாமல் தலையணைக்கடியில் வைத்தபடியே தூங்கிப் போகும் சிக்கனக்காரர்களும் உண்டு.

"ஏன்?" என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஒரு குழந்தை விளக்கம் தேடி ஏறத்தாழ 40,000 கேள்விகள் கேட்கிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஹாரிஸ் மதிப்பிட்டிருக்கிறார். மூன்றாவது "ஏன்" வரை பதில் சொல்லுங்கள், நான்காவதில் "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். வரும் பதில் நீங்கள் சொல்ல இருந்ததைவிடச் சுவாரசியமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படி வரும் பதில்களை அன்றன்றே தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஒரு வாரம் கழித்துச் சொற்கள் மாறிப்போகும். மூன்று வயதளவில் குழந்தைக்கு வெட்கம் தெரியத் தொடங்குவதால், அதன் காதுபட அந்தக் கதைகளைப் பிறரிடம் சொல்லிச் சிரிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அழுகை, கழிப்பறை, உடையில்லாத கோலம் ஆகியவை உள்ள படங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பாட்டியே கேட்டாலும், அவர் வீட்டுக்கு வரும்போது உங்கள் கைப்பேசியில் காட்டிவிட்டு மூடிவிடுங்கள்.