ஜாடியில ஊறின முட்டையும் சாசேஜும், வீட்டுலயே போடலாம், ஆனா ஃப்ரிட்ஜுக்குள்ள

அமெரிக்காவுல தெற்கு பக்க மாநிலங்கள்ல சின்ன பெட்ரோல் பங்க் கடைங்க, பழைய பார்கள்ல எல்லாம் கல்லா பக்கத்துல ஒரு பெரிய ஜாடி இருக்கும், உள்ள புளிப்பு தண்ணில முட்டை மிதக்கும், பக்கத்து ஜாடியில சிவப்பா சாசேஜ் (அரைச்ச இறைச்சிய குழல் மாதிரி அடைச்சது) ஊறிக்கிட்டு இருக்கும். 19ஆம் நூற்றாண்டு சலூன்கள்ல, அதாவது அங்க இருந்த மதுக்கடைகள்ல, பீர் வாங்குறவங்களுக்கு உப்பும் புளிப்புமா ஏதாவது சும்மா சாப்பிட குடுப்பாங்க, தாகம் எடுத்தா இன்னொரு கிளாஸ் வாங்குவாங்கல்ல, அந்த வழியில வந்து நிலைச்சு நின்ன ஐட்டம் இது. இங்கிலாந்துலயும் உண்டு, மீன் சிப்ஸ் கடையில மால்ட் வினிகர்ல ஊறின முட்டை வச்சிருப்பாங்க, பப்ல சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சு அதுக்குள்ளயே முட்டைய போட்டு குலுக்கி சாப்பிடுவாங்க. பென்சில்வேனியாவுல ஜெர்மானிய வம்சாவளி ஆளுங்க பீட்ரூட் தண்ணில ஊற வச்சு முட்டைய அழகான ரோஸ் கலர்ல எடுப்பாங்க. பீர் குடிக்கணும்னு எல்லாம் அவசியம் இல்ல, சாயங்காலம் காரசாரமா கடிச்சுக்க எனக்கு இத விட நல்ல ஐட்டம் தெரியல, செலவும் கம்மி.

செய்முறைக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இத மட்டும் யாரும் தாண்டி போயிடாதீங்க. நம்ம ஊர் ஊறுகாய் போடற புத்தி இங்க செல்லாது. நாம மாங்காய நறுக்கி உப்பு போட்டு குலுக்கி மொட்டை மாடில வெயில்ல வச்சு எடுப்போம், அது கெடாது, ஏன்னா மாங்காயே புளிப்பு, மேல அவ்ளோ உப்பு, வெயில்ல தண்ணி வத்தும், கடைசில எண்ணெய். முட்டைக்கு இதுல எதுவுமே கிடையாது. வெள்ளைக் கருவ தாண்டி வினிகர் மஞ்சக் கரு நடு வரைக்கும் போய் சேர நாள் கணக்குல, வார கணக்குல ஆகும், அது வரைக்கும் நடுவுல புளிப்பும் இல்ல காத்தும் இல்ல. பொட்டுலிசம்னு ஒரு விஷ நோய உண்டாக்குற பாக்டீரியாவுக்கு அந்த இடம்தான் சௌகரியம். அதோட வித்து சாதாரணமா கொதிக்க வச்சா சாகாது. பிஹெச்னு புளிப்ப அளக்கற எண் ஒண்ணு இருக்கு, குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி, அது 4.6க்கு கீழ இறங்கினாத்தான் இந்த பாக்டீரியா வளராது.

இது சும்மா பயமுறுத்தறது இல்லைங்க, நிஜமா நடந்தது. 1997ல இல்லினாய்ஸ்ல 68 வயசு ஆள் ஒருத்தர் வீட்டுல முட்டை ஊறப் போட்டாரு, சீக்கிரம் ஊறட்டும்னோ என்னவோ டூத்பிக்கால முட்டைய குத்தி, ஜாடிய மூடி ஃப்ரிட்ஜுக்கு வெளியவே வச்சிட்டாரு, அப்பப்போ வெயிலும் பட்டுச்சு, ஒரு வாரம் கழிச்சு எடுத்து சாப்பிட்டாரு, பொட்டுலிசம் வந்து ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. அப்புறம் அந்த ஜாடிய டெஸ்ட் பண்ணினா தண்ணியோட பிஹெச் 3.5, நல்ல புளிப்பு, ஆனா மஞ்சக் கருவ அளக்கல, சாதாரணமா அது 6.8 இருக்கும், புளிப்பே கிடையாது. குத்தின ஓட்டை வழியா கிருமி நேரா உள்ள போயிருக்கலாம். அதனால டூத்பிக், ஃபோர்க், கத்தின்னு எதாலயும் முட்டைய குத்தாதீங்க கீறாதீங்க, வெயில்ல வைக்காதீங்க, மேடை மேல வைக்காதீங்க. ஊறுறதும் ஃப்ரிட்ஜ்ல, ஊறினப்புறமும் ஃப்ரிட்ஜ்ல. அப்போ கடை ஜாடி மட்டும் வெளியவே இருக்கேன்னு கேப்பீங்க, ஃபேக்டரியில அமில அளவ அளந்து பதப்படுத்தி பேக் பண்றாங்க, அத நம்ம அடுப்படியில பண்ண முடியாது. வீட்டுல பாட்டில்ல அடைச்சு வெளிய வச்சுக்கற மாதிரி பாதுகாப்பான முட்டை செய்முறை எதுவும் கிடையாதுன்னு ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல இருக்கற வீட்டு உணவு பதப்படுத்தல் மையமே தெளிவா சொல்லிருக்கு.

சரி இப்போ முட்டை. 2 லிட்டர் ஜாடிக்கு 10 முட்டை. சின்ன முட்டைன்னா ரொம்ப நல்லது, சீக்கிரம் ஊறும், அந்த விதத்துல நாட்டுக்கோழி முட்டை கிடைக்கறவங்க கொடுத்து வச்சவங்க. புதுசா இட்ட முட்டை வேண்டாம், வாங்கி ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல இருந்தது எடுங்க. புது முட்டைக்குள்ள கரியமில வாயு ஜாஸ்தி இருக்கும், அதனால வெள்ளைக் கரு ஓட்டுக்குள்ள இருக்கற சவ்வோட ஒட்டிக்கும், நாள் ஆக ஆக அந்த வாயு வெளிய போயிடும், அப்போ உரிக்க சுளுவா வரும். இந்த வேலைக்கு உரிக்கறது ரொம்ப முக்கியம், பிச்சு பிச்சு வந்த முட்டைய ஜாடியில போட்டா தண்ணி கலங்கிடும், அந்த மாதிரி வந்தத அன்னிக்கே குழம்புல போட்டுடுங்க.

பாத்திரத்துல முட்டைய ஒரே அடுக்கா வச்சு, ஒரு இன்ச் மேல நிக்கற மாதிரி பச்சை தண்ணி ஊத்தி கொதிக்க விடுங்க, கொதி வந்ததும் அடுப்ப அணைச்சு மூடி போட்டு 15 நிமிஷம் விட்டுடுங்க, உடனே ஐஸ் தண்ணிக்கு மாத்துங்க. ஆஃப் பாயில் கதை இங்க கிடையாது, நடு வரைக்கும் முழுசா வெந்திருக்கணும். அதுக்காக அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்கவும் விடாதீங்க, வெள்ளைக் கரு ரப்பர் ஆயிடும், அப்புறம் வினிகர்ல ஊறி இன்னும் இறுகும். மஞ்சக் கருவ சுத்தி பச்சையா வளையம் வந்தா அது அதிகமா வெந்ததோட அடையாளம், கெடுதல் இல்ல, பார்க்க நல்லா இருக்காது அவ்ளோதான். உரிச்சதும் சுத்தமான துணில ஒத்தி ஈரம் எடுத்துடுங்க.

வினிகர் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. லேபிள பாருங்க, 5% அமிலம்னு போட்டிருக்கணும். அமெரிக்காவுல வெள்ளை வினிகர், ஆப்பிள் சைடர் வினிகர் ரெண்டுமே பொதுவா 5% தான். இந்தியாவுல விக்கற சிந்தடிக் வினிகர் பல பாட்டில்ல 4% தான் இருக்கும், அப்படி இருந்தா தண்ணியே சேர்க்காம முழுசா வினிகராவே போட்டுடுங்க. புளிப்பு ஜாஸ்தியா தெரிஞ்சா சக்கரைய கொஞ்சம் கூட்டுங்க, வினிகர குறைக்காதீங்க. எலுமிச்சம்பழ சாறு போடலாமான்னு யாராவது கேப்பாங்க, வேண்டாம், பழத்துக்கு பழம் புளிப்பு மாறும், அளவு நம்ம கையில இருக்காது.

நான் போடற அளவு இது. 5% வினிகர் 3 கப், அதாவது 720 மில்லி, தண்ணி 1 கப். கல்லுப்பு 2 டேபிள்ஸ்பூன், தூள் உப்புல கட்டி பிடிக்காம இருக்க போடற பவுடர் இருக்கறதால தண்ணி மங்கலாயிடும். சக்கரை 2 டேபிள்ஸ்பூன். கடுகு ஒரு டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், கிராம்பு 3, பிரிஞ்சி இலை 2, காஞ்ச மிளகாய் 5, பூண்டு 6 பல், ஒரு வெங்காயம் வட்டமா நறுக்கினது. பட்டை எனக்கு பிடிக்காது, இனிப்பு வாசனை வந்து சாசேஜோட சண்டை போடும், உங்களுக்கு வேணும்னா சின்ன துண்டு போட்டுக்கோங்க. மசாலாவ பொடிச்சு போடாதீங்க, முழுசா போட்டாத்தான் தண்ணி தெளிவா நிக்கும். எவர்சில்வர் பாத்திரத்துல எல்லாத்தையும் போட்டு கொதி வந்ததும் சிம்ல 5 நிமிஷம் வைங்க. அலுமினியம், பித்தளை, செம்பு எல்லாம் வேண்டவே வேண்டாம், வினிகர் அரிச்சிடும். ஜன்னல திறந்து வைங்க, அந்த ஆவி மூக்குல ஏறும்.

கண்ணாடி ஜாடிய சோப்பு போட்டு கழுவி, கொதிக்கற தண்ணில 10 நிமிஷம் போட்டு எடுத்து வச்சுக்கோங்க. ஜாடி சூடா இருக்கறப்பவே முட்டைய மெதுவா அடுக்கி சூடான வினிகர் தண்ணிய மேல ஊத்துங்க, ஜில்லுனு இருக்கற ஜாடியில கொதிக்கறத ஊத்தினா விரிசல் விட்டுடும். முட்டை எல்லாம் முழுசா முங்கணும், அப்புறம் சாசேஜ் போட மேல கொஞ்சம் இடம் காலியா இருக்கட்டும். மூடி பிளாஸ்டிக்கா இருந்தா நல்லது, தகர மூடி வினிகர் பட்டா துரு பிடிக்கும். அரை மணி நேரம் ஆவி அடங்க விட்டு மூடி ஃப்ரிட்ஜுக்குள்ள, 4 டிகிரி செல்சியஸ் இல்ல அதுக்கும் கீழ இருக்கணும். கதவு பக்கம் வைக்காதீங்க, திறந்து திறந்து மூடறதுல அங்க சூடு ஏறி இறங்கும், உள்ள பின்னாடி தள்ளி வைங்க. மேல தேதி எழுதி ஒட்டிடுங்க.

இனிமே பொறுமைதான். சின்ன முட்டைன்னா 1லிருந்து 2 வாரம், மீடியம், பெரிய முட்டைன்னா 2லிருந்து 4 வாரம். மூணாவது நாளே எடுத்து கடிச்சா வெளிய வினிகர், உள்ள வெறும் அவிச்ச முட்டை, ரெண்டும் ஒட்டாம இருக்கும்.

சாசேஜ நிறைய பேர் முட்டையோடவே முதல் நாளே போட்டுடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. முட்டைக்கு வார கணக்குல டைம் வேணும், சாசேஜுக்கு 4, 5 நாள் போதும், அதுக்கு மேல ஊற ஊற மெத்துனு ஆகி கொழகொழன்னு போயிடும், இறைச்சியும் தேவையில்லாம பழசாகும். அதனால முட்டை ஊறி முடிய 4, 5 நாள் இருக்கறப்போ சாசேஜ சேருங்க, ரெண்டும் ஒரே நேரத்துல ரெடியாகும். 250 கிராம் போதும். புகை போட்டு முழுசா வேக வச்சு விக்கற வகைதான் வாங்கணும், போலந்துக்காரங்களோட கில்பாசா இதுக்கு அருமையா இருக்கும், ஹாட் டாக் சாசேஜும் ஓகே, பன்றி வேண்டாம்னா சிக்கன் சாசேஜ். பச்சை சாசேஜ போட்டு வினிகரே வேக வச்சுடும்னு நினைக்கவே கூடாது, வினிகர் இறைச்சிய வேக வைக்காது. ஏற்கனவே வெந்த சாசேஜையும் கொதிக்கற தண்ணில 5 நிமிஷம் போட்டு நடுவுல வரைக்கும் நல்லா ஆவி பறக்க சூடாக்குங்க, தெர்மாமீட்டர் இருந்தா 74 டிகிரி, ஏன்னா லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், பாக்கெட் சாசேஜ்ல அது இருக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு லாபம், கொழுப்பு கொஞ்சம் தண்ணிலயே கழண்டுடும். இல்லைன்னா ஃப்ரிட்ஜ்ல வெள்ளையா ஆடை மாதிரி மேல உறையும், தப்பில்ல, கண்ணுக்கு நல்லா இல்ல. மேல பிளாஸ்டிக் மாதிரி உறை இருந்தா உரிச்சிடுங்க. ஆற வச்சு ஒரு இன்ச் துண்டா நறுக்கி சுத்தமான இடுக்கியால ஜாடியில இறக்குங்க. முங்கலைன்னா மேல வெறும் வினிகர் ஊத்துங்க, தண்ணி ஊத்தாதீங்க.

சாசேஜ் சேர்த்த ஜாடிய நான் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காலி பண்ணிடுவேன். வெறும் முட்டை ஜாடின்னா ஃப்ரிட்ஜ்ல 3, 4 மாசம் வரைக்கும் ருசி நல்லா இருக்கும். ரெண்டுலயும் கைய விடக் கூடாது, எச்சில் ஸ்பூனும் கூடாது. பார்ட்டிக்கு எடுத்து தட்டுல வச்சா 2 மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தத திரும்ப ஜாடியில போடாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க இருந்தா சாசேஜ் பக்கத்த அவங்களுக்கு குடுக்காம இருக்கறது நல்லது.

பீட்ரூட் வகை செய்யணும்னா, நடுத்தர பீட்ரூட் ரெண்ட வேக வச்சு உரிச்சு துண்டு போட்டு, மேல சொன்ன ஒரு கப் தண்ணிக்கு பதிலா அந்த வேக வச்ச தண்ணிய ஊத்துங்க, வெள்ளை வினிகருக்கு பதிலா சைடர் வினிகர். ரெண்டாவது நாளே வெளிய ரோஸ் ஆயிடும், நாள் ஆக ஆக கலர் உள்ள இறங்கும், வெட்டினா வெளிய ஊதா, நடுவுல மஞ்சள், அவ்ளோ அழகு. இதுல சாசேஜ் போடாதீங்க, கலர் அசிங்கமாயிடும். காடை முட்டை கிடைச்சா அதையும் இதே தண்ணில போடலாம், ஒரு வாரத்துல ரெடி, ஒரே வாயில போட்டுக்கலாம்.

சில பேர் ஜாடிய பார்த்து பயப்படுவாங்க. பூண்டு பச்சையாவோ நீலமாவோ மாறியிருந்தா அது வினிகரோட வினை, தாராளமா சாப்பிடலாம். ஆனா மூடிய திறக்கறப்போ புஸ்ஸுனு காத்து வந்தாலோ, நுரைச்சாலோ, முட்டை மேல வழவழப்பு இருந்தாலோ, மேல பூசணம் தெரிஞ்சாலோ யோசிக்காம கொட்டிடுங்க, ருசி பார்த்து முடிவு பண்ணாதீங்க. பொட்டுலிசம் விஷத்துக்கு வாசனையும் கிடையாது ருசியும் கிடையாது, அதனாலதான் மூக்க நம்பாம ஃப்ரிட்ஜையும் வினிகரையும் நம்ப சொல்றேன். ஊறின முட்டை சாப்பிட்டப்புறம் யாருக்காவது பார்வை ரெண்டா தெரிஞ்சா, இமை தொங்கினா, பேச்சு குழறினா, முழுங்க முடியலைன்னா நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

சாப்பிடறப்போ முட்டைய நாலா வெட்டி மேல மிளகுத்தூள், பக்கத்துல சாசேஜ் துண்டு, ஜாடியில இருக்கற அந்த வெங்காயம், உப்பு பிஸ்கட். வெங்காயத்த விட்டுடாதீங்க, ஜாடியிலயே அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. பெர்லின் பக்கம் உப்புத் தண்ணில ஊறின முட்டைய ரெண்டா வெட்டி மஞ்சக் கருவ எடுத்துட்டு, அந்த குழில எண்ணெய், வினிகர், கடுகு விழுது, மிளகு எல்லாம் வச்சு, மஞ்சக் கருவ மேல கவுத்து அப்படியே வாயில போட்டுப்பாங்க, நம்ம முட்டையிலயும் பண்ணி பாருங்க, சூப்பரா இருக்கும். தயிர் சாதத்துக்கு தொட்டுக்க இந்த சாசேஜ் பிரமாதம்.

காலியான ஜாடியில மிச்சம் இருக்கற தண்ணில புதுசா முட்டை போட்டுடாதீங்க, முதல் தடவையே முட்டை அதுல இருந்த புளிப்ப இழுத்திருக்கும். அத கொட்டிட்டு, ஜாடிய திரும்ப கொதிக்கற தண்ணில போட்டு எடுத்து, வினிகர புதுசா அளந்து ஊத்துங்க.