உணவு அலர்ஜியா? வைட்டமின் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

உணவு அலர்ஜி உள்ளவர்கள் சாப்பாட்டில் எவ்வளவு உஷாராக இருந்தாலும், வைட்டமின் மாத்திரை என்று வந்தால் கொஞ்சம் அசந்துவிடுவது உண்டு. மருந்து மாதிரிதானே, இதில் பாலும் முட்டையும் எங்கிருந்து வரப்போகிறது என்ற நினைப்பு. வரும். பெரும்பாலும் தொல்லை தருவது வைட்டமின் இல்லை, அதை மாத்திரையாக இறுக்கவும் காப்ஸ்யூலில் அடைக்கவும் மேல்பூச்சு பூசவும் இனிப்பாக்கவும் சேர்க்கிற மற்ற சாமான்கள்தான். அதனால் டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போங்கள். சத்துகளின் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் 'இதர பொருள்கள்' என்று ஒரு வரி இருக்கும், நமக்கு வேண்டிய சங்கதி அங்கேதான் இருக்கிறது.

அதற்கும் முன்னால் இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். பாலை முழுக்க ஒதுக்கியவர்களுக்குக் கால்சியம், வைட்டமின் டி, பி12, அயோடின் குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் எது குறைகிறது என்பதை டாக்டரோ டயட்டீஷியனோ பார்த்துச் சொல்லட்டும். ஒன்றுதான் குறைகிறது என்றால் அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். இருபது சத்து, ஐந்து மூலிகை, இரண்டு ஃப்ளேவர் கலந்த மல்டிவைட்டமினில் அலர்ஜி வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும்.

சரி, இப்போது அந்தப் பொடி எழுத்துக்கு வருவோம்.

பால் அலர்ஜி என்றால் கேசீன், கேசினேட், வே, லாக்டால்புமின் எல்லாம் நேரடியாகப் பால் புரதம், பேச்சே இல்லை. லாக்டோஸ் கொஞ்சம் சிக்கல். அது சர்க்கரைதான், அலர்ஜி தருவது புரதம், ஆனாலும் பாலிலிருந்து எடுப்பதால் புரதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வரலாம், மாத்திரைகளில் கனம் சேர்க்க அதைப் போடுவது மிகச் சாதாரணம். 'லாக்டோஸ் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் அது லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கான தகவல், பால் புரதம் இல்லை என்று அர்த்தமே இல்லை. இதற்கு நேர்மாறாக, கால்சியம் லாக்டேட் என்ற பெயரைப் பார்த்துப் பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பொதுவாகச் சர்க்கரையையோ மாவுச்சத்தையோ நொதிக்க வைத்துச் செய்வது, பாலோடு அதற்குச் சம்பந்தம் இருப்பதில்லை. என் கணக்கில் எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது புரோபயாடிக்தான், அதாவது வயிற்றுக்கு நல்லது என்று விற்கிற பாக்டீரியா காப்ஸ்யூல். அந்த பாக்டீரியாவைப் பால் கலந்த ஊடகத்தில் வளர்த்திருக்கலாம், அதன் மிச்சம் காப்ஸ்யூல் வரைக்கும் வரலாம், பொருள்கள் பட்டியலிலோ பாலின் பெயரே இருக்காது.

இறால், நண்டு ஆகாதவர்கள் மூட்டுவலிக்கு விற்கிற குளுக்கோசமீனைக் கவனிக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் இவற்றின் ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். பூஞ்சையிலிருந்தோ சோளத்தை நொதிக்க வைத்தோ செய்ததும் கிடைக்கிறது. ஒமேகா 3 வாங்கும்போது 'கிரில்' என்று இருந்தால் அது இறால் இனத்துப் பிராணி, தள்ளி வையுங்கள். மீன் அலர்ஜி உள்ளவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த ஒமேகா 3 எண்ணெய் நல்ல வழி, மீனுக்கே அந்தக் கொழுப்பு பாசியிலிருந்துதான் போய்ச் சேருகிறது. வைட்டமின் டி3 பொதுவாக ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது, லைக்கன் என்ற பாசிக்காளானிலிருந்தும் எடுக்கிறார்கள், சில தயாரிப்புகளில் மீன் ஈரல் எண்ணெய். காப்ஸ்யூல் உறை ஜெலட்டின் என்றால் மாடா, பன்றியா, மீனா என்று கேட்க வேண்டும், ஜெலட்டினே ஆகாதவர்களுக்கு செல்லுலோஸ் உறை இருக்கிறது. அப்புறம், இறால் ஆகாதவர்கள் அயோடின் தொடக்கூடாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். இறாலில் அலர்ஜி தருவது ட்ரோபோமயோசின் போன்ற புரதங்கள், அயோடின் இல்லை.

சோயா பெரும்பாலும் ஒளிந்திருக்கும். சாஃப்ட்ஜெல் என்கிற மெத்தென்ற காப்ஸ்யூலின் உள்ளே இருக்கிற எண்ணெய், எண்ணெய் பிரியாமல் கலக்கச் சேர்க்கிற லெசித்தின், இயற்கை வைட்டமின் ஈ, மூன்றுமே சோயாவிலிருந்து வரலாம். அராக்கிஸ் எண்ணெய் என்றால் கடலை எண்ணெய். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் மிச்சம் இருப்பது மிகக் குறைவு, அதனால் சில நாட்டுச் சட்டங்கள் அதற்கு லேபிள் விலக்கே தருகின்றன. உங்கள் அலர்ஜியின் தீவிரத்துக்கு அது சரிப்படுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வேர்க்கடலை ஆகாத சிலருக்கு வெந்தயச் சாறு கலந்த காப்ஸ்யூலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

மாவுச்சத்து எதிலிருந்து என்று போடாவிட்டால் கோதுமை ஆகாதவர்கள் கேட்டுவிடுங்கள். மூட்டுக்கான சில காப்ஸ்யூலில் முட்டை ஓட்டின் உள்சவ்வு இருக்கும். ஆஸ்துமாவும் மகரந்த அலர்ஜியும் உள்ளவர்கள் ராயல் ஜெல்லி, தேனீ மகரந்தம் பக்கமே போகாதீர்கள், உயிருக்கு ஆபத்தான விளைவுகள் பதிவாகியிருக்கின்றன.

முன்பக்க விளம்பர வார்த்தைகளில் 'வீகன்' என்பது விலங்குப் பொருளை வேண்டுமென்று சேர்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறது, அதே இயந்திரத்தில் காலையில் வே பவுடர் ஓடியதா என்பதைச் சொல்லாது. 'குளூட்டன் ஃப்ரீ' என்றால் பல நாடுகளில் பத்து லட்சத்துக்கு 20 பங்குக்குக் குறைவு என்று கணக்கு, அது சீலியாக் நோய்க்கான (குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) அளவு, கோதுமையின் மற்ற புரதங்களைப் பற்றி அது பேசுவதில்லை. 'இயற்கை'யை விடுங்கள், வேர்க்கடலையும் இயற்கைதான்.

லேபிள் சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் கட்டாயம் சொல்ல வேண்டிய அலர்ஜிப் பொருள்கள் 9 (எள்ளுக்கு 2023 முதல்), ஐரோப்பிய ஒன்றியத்தில் 14. ஆன்லைனில் வெளிநாட்டு டப்பா வாங்கினால் உங்கள் அலர்ஜிப் பொருள் அந்தப் பட்டியலில் இல்லாமலே போகலாம். அதோடு, இந்த விதிகள் உணவுக்கானவை. அதே வைட்டமின் மருந்து என்ற வகையில் விற்கப்பட்டால் பெரும்பாலும் அலர்ஜி அறிவிப்பே இருக்காது. 'பால் இருக்கக்கூடும்' என்கிற மாதிரி எச்சரிக்கையோ பல நாடுகளில் கம்பெனியின் விருப்பம், அது இல்லாததை வைத்துப் பாதுகாப்பு என்று முடிவுகட்ட முடியாது.

ஆகவே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். 'இது அலர்ஜி உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானதா' என்று பொதுவாகக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். என் அலர்ஜிப் பொருள் இது, அதே லைனில் ஓடுகிறதா, இடையில் கழுவியபின் புரதம் மிச்சமிருக்கிறதா என்று பரிசோதிக்கிறீர்களா, ஜெலட்டினும் மாவுச்சத்தும் ஃப்ளேவரும் எதிலிருந்து, புரோபயாடிக் என்றால் எதில் வளர்த்தீர்கள் என்று உடைத்துக் கேளுங்கள். பதில் சொல்லாத கம்பெனி எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். பழகிய டப்பாவே ஆனாலும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள், சொல்லாமல் கலவையை மாற்றுவார்கள், ஒரே பெயரில் வேறு ஃப்ளேவருக்கு வேறு பொருள்கள் இருக்கும். விற்பனைத் தளத்தில் இருக்கும் லேபிள் படம் பழையதாக இருக்கலாம், கையிலிருக்கும் டப்பாதான் கணக்கு.

முன்பு கடுமையான அலர்ஜி வந்தவர்கள் புதியதை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம், டாக்டரிடம் கேட்டபின்தான். அவர் சரி என்றாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், பக்கத்தில் யாராவது இருக்கும்போது, பகலில் ஆரம்பியுங்கள். தூங்கப்போகும் முன் வேண்டாம், கடும் அலர்ஜிக்கு அவசரமாகப் போடுகிற எபிநெஃப்ரின் ஊசி எழுதித் தந்திருந்தால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் வரும். மூச்சுத் திணறலோ தொண்டை, நாக்கு வீக்கமோ மயக்கமோ வந்தால் அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், முதலில் ஊசி, உடனே ஆம்புலன்ஸ். டப்பாவைத் தூக்கி எறியாமல் கூடவே எடுத்துப் போங்கள், எந்தப் பொருளால் வந்தது என்று தேட டாக்டருக்கு அந்தப் பொருள் பட்டியலும் பேட்ச் எண்ணும் வேண்டும்.