மூன்று பேருந்துகளில் பினாங்கைச் சுற்றி வருவது எப்படி

மலேசியாவின் பினாங்குத் தீவை ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். டாக்சியும் வேண்டாம், வாடகைக் காரும் வேண்டாம். 101, 501, 401-ஈ (401E). ரேபிட் பினாங்கு பேருந்து நிறுவனத்தின் இந்த மூன்று பேருந்து எண்களை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அம்மாவும் அப்படித்தான் சுற்றினோம். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலியும் உண்டு. ஆகவே மெதுவாக நடப்பவர்களும் தயங்காமல் கிளம்பலாம்.

ரயிலில் வந்தால் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இறங்கி, பக்கத்திலேயே பெர்ரி ஏறுங்கள். நடந்து ஏறுபவர்களுக்கு இரண்டு வெள்ளிதான். உள்ளே போய் உட்காராமல் வெளியே நின்றால் தீவின் முக்கிய நகரமான ஜார்ஜ்டவுன் மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்க்கலாம். தங்குவதற்குச் சூலியா தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும் வசதி. மலிவான விடுதிகள் நிறைய உண்டு. லிட்டில் இந்தியா பக்கத்தில் இருப்பதால் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. முக்கியமாக, படகுத்துறைப் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம்.

நகர மையத்திலுள்ள கொம்தார் பேருந்து நிலையத்தில் ஏறாமல் படகுத்துறையிலேயே ஏறுங்கள் என்பேன். 101 அங்கிருந்துதான் புறப்படுகிறது, பிடித்த இருக்கை கிடைக்கும். கொம்தாரில் கூட்டம் ஏறிவிடும். ஏறியதும் எங்கே போகிறோம் என்று ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் கட்டணத்தைப் பெட்டியில் போட வேண்டும். தூரத்தைப் பொறுத்து ஒரு வெள்ளி நாற்பது காசிலிருந்து நான்கு வெள்ளி வரை ஆகும். பெட்டியில் போட்ட காசுக்கு மீதி வராது. அதனால் முந்தின இரவே பெரிய நோட்டை மாற்றி, ஒரு வெள்ளித் தாள்களும் சில்லறைக் காசுகளும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். 101-இல் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் இருக்கும் பக்கம் உட்காருங்கள். கடல் அந்தப் பக்கம்தான். தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டினால் சாலை குறுகி வளைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு வளைவிலும் மரங்களுக்கு இடையே கடல் தெரிந்து மறையும். பத்து பெரிங்கியில் பலர் இறங்குவார்கள், நீங்கள் இறங்க வேண்டாம். அங்கே இரவுச் சந்தைதான் சிறப்பு, அதற்கு வேறொரு நாள் சாயங்காலம் வரலாம். நேரே தெலுக் பஹாங் போய் இறங்குங்கள். அங்குள்ள தேசியப் பூங்கா அழகான இடம். ஆனால் கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுப் பாதையில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். அதை இந்தச் சுற்றோடு சேர்க்காதீர்கள்.

இனி, தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் என்ற ஊருக்குப் போகும் 501. இந்த நாள் முழுவதும் இந்த ஒரு பேருந்தை நம்பித்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் போல அடிக்கடி வராது. நாங்கள் முதல் தடவை சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தோம். அது அந்தப் பக்கம் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கடை வாசலில் இருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, பாலிக் பூலாவ் பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? இப்பத்தானே போச்சு. அடுத்தது வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அம்மாவ வெயில்ல நிக்க வைக்காதீங்க, இப்படி வந்து உட்காருங்க.”

அவர் சொன்னபடியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே தெலுக் பஹாங்கில் இறங்கும்போதே 101 ஓட்டுநரிடம், 501 எந்தப் பக்கம் நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிடுங்கள். டீ குடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

காத்திருந்தது வீண்போகவில்லை. பேருந்து மலையேறும்போது இருபக்கமும் டுரியான், கிராம்பு, ஜாதிக்காய்த் தோட்டங்கள். டுரியான் காலத்தில், அதாவது ஜூன், ஜூலை வாக்கில், மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். பழுத்து உதிரும் பழம் தரையில் மோதாமல் வலையில் விழும். மூன்று பேருந்துகளில் எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

பாலிக் பூலாவ் என்றால் தீவின் பின்புறம் என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி அமைதியான சிறு ஊர். மதியம் இங்கே லக்சா என்ற நூடுல்ஸ் சூப் சாப்பிடுங்கள். புளி சேர்த்ததும் உண்டு, தேங்காய்ப்பால் சேர்த்ததும் உண்டு. கூடவே ஜாதிக்காய்த் தண்ணீர் கேளுங்கள். நாம் மசாலாவில் போடும் கொட்டையில் செய்வதல்ல, அதைச் சுற்றியுள்ள சதையில் செய்வது. குளிர்ந்த கண்ணாடிக் குவளையில் உப்பில் ஊறிய ஒரு காய்ந்த பிளம் மிதக்கும். முதலில் புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது ஜாதிக்காய் மணம். அம்மா இரண்டு குவளை குடித்தார்.

மூன்று மணிக்குள் 401-ஈ ஏறிவிடுங்கள். பாயான் லெபாஸில் தொழிற்சாலைகள் விடும் நேரம் வந்துவிட்டால் சாலை அடைத்துக்கொள்ளும். இந்தப் பேருந்து விமான நிலையத்தையும் பாம்புக் கோயிலையும் தாண்டிப் படகுத்துறைக்கே வந்து சேரும். பாம்புக் கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் வரலாம், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு நாள் இருந்தால் 204-இல் ஆயர் ஈத்தாம் போங்கள். கெக் லோக் சி என்ற புத்தர் கோயிலும் கொடிமலை (பினாங்கு மலை) ரயிலும் ஒரே வழியில் வரும். பழைய நகரத்துக்குள் சுற்றக் கேட் (CAT) என்ற இலவசப் பேருந்து இருக்கிறது. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் தாவரவியல் பூங்காவுக்குப் போகும் 10-ஆம் எண். மேலே போக 513 படிகள். அம்மா அடிவாரத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் ஏறினேன். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், தண்ணீர்ப் புட்டியை மறக்காதீர்கள்.